மற்றொரு சாட்சி

1

2025 மே 14, புதன்கிழமை. காலை 5.10-க்கு எழுந்தேன். பின்வாசல் வெப்பமானி ஒன்பது டிகிரி காட்டியது. அதை நாட்குறிப்பில் எழுதிவிட்டுத்தான் பல் துலக்கினேன். முப்பது வருடமாக ஒரு நாளின் முதல் வரி அன்றைய வெப்பநிலைதான். டீ போட்டு, ஸ்டெல்லாவுக்கு ஒரு டம்ளர் மூடி வைத்தேன். என் மனைவி இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு டியூட்டி முடித்து 7.40-க்குத்தான் வருவாள். மகள் ஜெனியை 6.20, 6.30, 6.35 என்று மூன்று முறை எழுப்பினேன். 7.05-க்கு அவள் பள்ளி பஸ் ஏறினாள், திரும்பிப் பார்க்கவில்லை. 7.30-க்கு நான் பட்டறையில் இருந்தேன்.

அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு மாநிலத் தலைநகரில் பதினாறு வருடமாக இருக்கிறோம். நான் வேலை செய்வது சமையல்மேடைக் கற்களை அறுத்துத் தரும் பட்டறையில். ஆனால் கல்லைத் தொடுவதில்லை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அளவுச் சீட்டு எழுதுகிறேன். அன்று பதினேழு சீட்டுகள். 12.15-க்கு எலுமிச்சைச் சாதம்.

2.10-க்கு ஒரு மெயில் வந்தது. மாநில மேலவையில் தொழிலாளர் குழு என்று ஒன்று உண்டு. அதன் தலைவருடைய உதவியாளர் அனுப்பியிருந்தார். விஷயம் இது: 'பிப்ரவரியில் நீங்கள் கொடுத்த எழுத்துச் சாட்சியத்தின் கடைசிப் பக்கத்தில், தினமும் குறிப்பு எழுதி வைப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். திரு. ஜாஃபர் பட்டறையில் மயங்கி விழுந்த தேதி அதில் இருக்கிறதா? நாளைக் காலை ஒன்பதுக்குக் கல் அறுப்பு மசோதாவின் மேல் குழு வாக்கெடுக்கிறது. எட்டு மணிக்குள் தெரிந்தால் உதவும்.'

மெயிலைப் படித்து முடிக்கும் முன்பே தேதி எனக்குத் தெரியும். 2024 பிப்ரவரி 24, சனிக்கிழமை, காலை 10.50. பதில் எழுத ஒரு நிமிடம் போதும்.

நான் எழுதவில்லை. மெயிலை மூடினேன். அடுத்த சீட்டை எடுத்தேன். அன்று இரவு எழுதிய நாட்குறிப்பில் பதினேழு சீட்டு இருந்தது, எலுமிச்சைச் சாதம் இருந்தது, 2.10 மட்டும் இல்லை. நடந்த ஒன்றைத் தெரிந்தே எழுதாமல் விட்டது அதுதான் முதல் முறை.

அந்த மசோதா இன்று சட்டமாகிவிட்டது. எப்படி ஆனது என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் புகைப்படங்கள் வந்தன. புகைப்படத்தில் வராததை நான் எழுதுகிறேன். எனக்கு ஜாஃபர் மேல் பொறாமை.

2

ஜாஃபரும் நானும் விருத்தாசலத்தில் ஒரே பேட்ச்சில் செராமிக் டிப்ளமோ படித்தவர்கள். அவன் அப்பாவுக்குக் கடைத்தெருவில் வளையல் கடை. மாசி மகத்துக்குக் கோயில் பக்கம் பந்தல் போட்டுப் பத்து நாள் தனிக் கடை. என் அப்பா தபால்காரர். படிப்பு முடிந்து இருவரும் செராமிக் எஸ்டேட்டில் மின்சார ஃப்யூஸ் பீங்கான் செய்யும் கம்பெனியில் சேர்ந்தோம். அவன் சூளைப் பக்கம், நான் ரிஜிஸ்டர் பக்கம். அப்போதே அப்படித்தான்.

அந்த நாட்களில் மனு என்றால் நான். எங்கள் தெருவில் குழாய் வரவில்லையா, ரேஷன் கார்டில் பெயர் தப்பா, "அருளுகிட்ட போ" என்பார்கள். எஸ்டேட் வாசலில் டவுன் பஸ் நிற்காது. ஷிஃப்ட் முடிந்து இறங்கும் பெண்கள் மழையில் முக்கால் கிலோமீட்டர் நடப்பார்கள். நான் மனு எழுதினேன். ஐந்து பத்தி, நாற்பத்திரண்டு கையெழுத்து, இரண்டு பிரதி. திங்கட்கிழமை கடலூர் போய் ஆட்சியர் அலுவலக வரிசையில் நின்று, ஒரு பிரதியைக் கொடுத்து, இன்னொரு பிரதியில் சீல் வாங்கி வந்தேன். பதினான்கு மாதம் கழித்து பஸ் நின்றது. துணைக்கு வந்த ஜாஃபர் வரிசையில் எனக்குப் பின்னால் நின்று கடலை தின்றுகொண்டிருந்தான். யாரோ அவனிடம் என்ன மனு என்று கேட்டதற்கு, "எனக்கு என்னா தெரியும்? நான் இவரு கூட வந்தவன்" என்றான்.

அந்த வரிசையில் எங்கள் இடம் அது. நான் முன்னால், அவன் பின்னால்.

பிறகு இருவரும் வளைகுடாவில் ஓடு கம்பெனி. ஸ்டெல்லாவுக்கு நர்ஸ் விசா கிடைத்து, அவள் கணவனாக நான் இங்கே வந்தேன். ஜாஃபர் தன் மனைவியின் அண்ணன் போட்ட மனுவுக்குப் பல வருடம் காத்திருந்து 2014-இல் வந்தான். அவனை எங்கள் பட்டறையில் சேர்த்துவிட்டது நான். கல் அறுக்கும் இடத்தில் ஆள் தேவைப்பட்டது.

3

இந்தக் கற்கள் இயற்கைக் கல் அல்ல. பொடியைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்தவை. உலர்ந்தபடி அறுத்தால் மாவு போல் தூசி பறக்கும். சிலிக்கா. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலை விட்டு வெளியே வராது. செராமிக் படித்த எங்களுக்கு இது முதல் வருடப் பாடம். தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுத்தால் தூசி எழாது. அந்தத் தண்ணீர் இயந்திரம் எங்கள் பட்டறைக்கு வந்தது 2024 மார்ச் 4, திங்கட்கிழமை. அதற்கு ஒன்பது நாள் முன்பு ஜாஃபர் விழுந்திருந்தான்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் இந்த வேலைக்குப் போகக் கூடாது என்றார். போன மூச்சு திரும்பாது என்பதையும் அவரே சொன்னார்.

அடுத்த வாரம் நூலக அறிவிப்புப் பலகையில் நான் ஒரு தாளைப் பார்த்தேன்: தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் சனிக்கிழமைதோறும் அங்கே மக்களைச் சந்திக்கிறார். பார்த்தது நான். நேரம் குறித்தது நான். கோப்பு தயாரித்தது நான். துணைக்கு ஜாஃபரை அழைத்துப் போனேன்.

உறுப்பினர் அம்மையார் என் கோப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஜாஃபரைப் பார்த்து, "உங்களுக்குத் தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டார். பிறகு முக்கால் மணி நேரம் அவனிடமே பேசினார். கோப்பு மடியிலேயே இருந்தது.

அப்படித்தான் மசோதா பிறந்தது. மாநிலத்தில் எந்தப் பட்டறையிலும் உலர்ந்தபடி கல் அறுக்கக் கூடாது. தொழிலாளிக்கு வருடம் ஒருமுறை நுரையீரல் சோதனை செய்ய வேண்டும். மொத்தம் நான்கு பக்கம்.

ஒரு மசோதா போகும் வழியைப் பற்றி ஜெனிக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரை கொடுத்திருந்தார்கள். அவள் கட்டம் கட்டமாகப் படம் வரைந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். உறுப்பினர் மசோதாவைக் கொடுக்கிறார். அவையில் தலைப்பை மட்டும் வாசிக்கிறார்கள். குழுவுக்கு அனுப்புகிறார்கள். குழு பொதுமக்களைக் கூப்பிட்டுக் கேட்கிறது, பிறகு வாக்கெடுக்கிறது. தேறினால் முழு அவை. அங்கும் தேறினால் இன்னொரு அவை. அங்கே மறுபடி தலைப்பு, குழு, வாக்கு எல்லாம் முதலிலிருந்து. அந்த அவை ஒரு சொல்லை மாற்றினாலும் மசோதா பிறந்த அவைக்குத் திரும்பி வந்து சம்மதம் வாங்க வேண்டும். கடைசியில் ஆளுநர் கையெழுத்து. இங்கே ஆளுநர் என்பவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்.

எனக்கு எஸ்டேட்தான் ஞாபகம் வந்தது. மண் அரைத்து, கூழாக்கி, அச்சில் ஊற்றி, காயவைத்து, ஒரு முறை சுட்டு, மெருகு பூசி, மறுபடி சுட வேண்டும். எந்த இடத்திலும் விரிசல் விடலாம். பெரும்பாலான மசோதாக்கள் முதல் குழுவிலேயே உடைந்துபோகின்றன. சபைக் கூட்டத்தொடர் முடியும் நாளுக்குள் வாக்குக்கு வராதது தானாகவே செத்துவிடும்.

ஜெனி தன் கட்டுரைக்காக ஜாஃபரை ஃபோனில் இருபது நிமிடம் பேட்டி எடுத்தாள். ஆங்கிலத்தில், சிரித்துக்கொண்டே. என்னிடம் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பா, விருத்தாசலம் எப்படி ஸ்பெல் பண்றது?"

4

கீழவைக் குழுவின் கூட்டம் 2025 பிப்ரவரி 11, செவ்வாய். அரை நாள் விடுப்பு எடுத்தேன். பதினோரு பக்கம் டைப் செய்திருந்தேன்: எந்த நாளில் எத்தனை கல், எத்தனை மணி நேரம் உலர்ந்தபடி அறுத்தார்கள், ஜன்னல் திறந்திருந்ததா, யார் யார் முகமூடி போட்டிருந்தார்கள். ஜாஃபர் விழுந்ததை மட்டும் அவனே சொல்லட்டும் என்று விட்டிருந்தேன். இரண்டு பிரதி.

அறை வாசலில் ஒரு மேசை. அதில் சின்னச் சின்னச் சீட்டுகள். பெயர், ஊர், ஆதரவா எதிர்ப்பா. கீழே இரண்டு கட்டம்: 'பேச விரும்புகிறேன்', 'எழுத்தில் மட்டும்'. நான் யோசிக்கவே இல்லை. 'எழுத்தில் மட்டும்' என்பதில் டிக் போட்டேன். எழுதிக் கொடுக்க முடியாதவர்கள்தானே வாயால் சொல்வார்கள்? நான் பார்த்த வரிசைகளில் எல்லாம் அப்படித்தான். மேசையில் இருந்த பெண் பதினோரு பக்கத்தையும் வாங்கித் தட்டில் வைத்தார். நான் நகரவில்லை. இரண்டாவது பிரதியை நீட்டினேன்.

"இதில் ஒரு சீல் வேண்டும்."

அவருக்குப் புரியவில்லை. பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி என்று விளக்கினேன். சீல் எதுவும் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிடும் என்று அன்பாகச் சொன்னார். நான் அப்போதும் நின்றேன்.

பின்னாலிருந்து ஜாஃபர் என் சட்டையை இழுத்தான். "சீல் வெக்கிற ஊராடா இது? வாடா, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க." அவன் சீட்டில் 'பேச விரும்புகிறேன்' என்று டிக் போட்டிருந்தான். "நான் என்னாத்த எழுதறது? எனக்கு வாய்தான் இருக்குது" என்றான்.

ஒருவருக்கு மூன்று நிமிடம். மேசையில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள். ஜாஃபர் பெயரைக் கூப்பிட்டார்கள். லிஃப்ட் பழுதென்று அன்று இரண்டு மாடி ஏறி வந்திருந்தோம். அவன் மைக் முன்னால் உட்கார்ந்தான். பச்சை விளக்கு எரிந்தது. அவன் பேசவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். மைக் திறந்திருந்தது. அந்த மூச்சு, ஈரத் துணியை இழுத்துக் கிழிப்பது போல, அறை முழுக்கக் கேட்டது. காகிதம் புரட்டிக்கொண்டிருந்த உறுப்பினர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐம்பது நொடி. பிறகு அவன் சொன்னான்:

"சாரி. படிக்கட்டு."

அதற்குமேல் அவன் சொன்னது அதிகமில்லை. கடைசியாக, அவர்கள் கேட்ட ஒரு கேள்விக்கு, தான் விழுந்தது போன வருடம் மார்ச் முதல் வாரம் என்றான். தப்பு என்று எனக்குத் தெரியும், ஆனால் 'எழுத்தில் மட்டும்' என்று டிக் போட்டவன் நான்; அது அப்படியே பதிவாயிற்று. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குழு முழுச் சம்மதத்தோடு மசோதாவை அவைக்கு அனுப்பியது. வெளியே வந்ததும் முன்பின் தெரியாதவர்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அவன் கோட்டை வைத்துக்கொண்டு நின்றேன்.

என் பதினோரு பக்கத்தையும் அன்று யாரும் புரட்டவில்லை. அந்த ஐம்பது நொடி மூச்சின் மேல் எனக்குப் பொறாமை வந்தது. நோயாளியின் மூச்சு; என் நண்பனின் மூச்சு. எழுதக் கூசுகிறது. ஆனாலும் வந்தது.

மார்ச்சில் கீழவையில் மசோதா தேறியது. உறுப்பினர்கள் அதை 'ஜாஃபர் மசோதா' என்றே சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். பேட்ச் குழுவில் ஒருவன், "நம்ம ஜாஃபரு அமெரிக்காவுல சட்டம் போடறான்டோய்! பஸ் ஸ்டாண்டுல பேனரு வெச்சிடலாமா?" என்று எழுதினான். இன்னொருவன், "அருளு இன்னா பண்றான்? இன்னும் டைரிதான் எழுதறானா?" என்றான். சிரிக்கும் முகங்கள் பதினாறு. எண்ணினேன்.

மே 13, மேலவைக் குழு. நான் விடுப்பு எடுக்கவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அங்கேதான் விரிசல் விட்டது.

5

மெயில் வந்த அதே புதன்கிழமை, மாலை 5.50-க்கு ஜாஃபர் எங்கள் வீட்டுக்கு வந்தான். வாசலில் மூன்று படி. இரண்டாவது படியில் நின்றுவிட்டு மூன்றாவதில் ஏறினான். கையில் ஒரு டப்பா சமோசா. ஸ்டெல்லா டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. உக்காருங்க மொதல்ல, அப்பறம் பேசலாம்."

"உக்காரத்தான்மா வந்தேன்" என்று சோபாவில் சாய்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் சொன்னான்: "நேத்து மேலவையில என்னைய மடக்கிப்புட்டாங்கடா. பட்டறை மொதலாளிங்க பக்கம் ஒரு வக்கீலு. 'மார்ச் மொத வாரம் விழுந்தேன்னு சொல்றீங்க, நாலாந்தேதியே உங்க பட்டறைக்குத் தண்ணி மிஷினு வந்துடுச்சே. அப்ப தண்ணி ஊத்தி அறுத்தும் விழுந்தீங்கன்னா இந்தச் சட்டம் எதுக்கு?'ங்கறான்."

ஒரு நாளில் வருகிற நோயா அது? பல வருடத் தூசி உள்ளே தங்கி வருவது. அது அந்த வக்கீலுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் ஒரு குழுவைத் தயங்க வைக்க அது போதும். தலைவர் சொன்னாராம்: தேதி தெளிவாகாவிட்டால் வியாழக்கிழமை வாக்கெடுப்பில்லை, தள்ளிவைப்போம். கூட்டத்தொடர் வெள்ளியோடு முடிகிறது. தள்ளிவைத்தால் சாவு.

"நீ ஏன் மார்ச்சுன்னு சொன்ன?" என்றேன்.

"மாசி மகத்தன்னிக்குடா. தம்பி கடையிலேர்ந்து ஃபோன் பண்ணினான், பின்னால ஒரே மேளச் சத்தம். அவன் பேசறான், எனக்குப் பதில் சொல்ல மூச்சு வரல. அப்படியே சாஞ்சிட்டேன். மாசி மகம் மார்ச்சுதானே?"

"வருஷத்துக்கு வருஷம் மாறும். ஒரு வருஷம் பிப்ரவரியிலயே வந்துடும்."

"அது உனக்குத் தெரியும். எங்க வூட்ல மாசி மகம் கடைய எடுத்து வெச்சா அடுத்து எனக்குப் பரீட்சை. பரீட்சைன்னா மார்ச்சு. அதான் என் காலண்டரு." சிரித்தான், சிரிப்பு இருமலில் முடிந்தது. "அன்னிக்கு நீ பக்கத்துலதான இருந்த? உன் டைரியில இருக்குமே?"

2024 நோட்டு அவன் தலைக்கு மேலே இருந்தது. முப்பது நோட்டுகள் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை டேப் ஒட்டி வருடம் எழுதியிருக்கிறேன்.

"தேடிப் பாக்கணும்" என்றேன். "பெயிண்ட் அடிச்சப்ப எல்லாத்தையும் எடுத்து வெச்சது. ஒண்ணு ரெண்டு மாறிப் போயிருக்குது."

"உன் வூட்லயா? தங்கச்சி, கேட்டியா? இவன் வூட்ல ஒரு பொருளு காணாமப் போச்சாம்! காலேஜுல என் பேனா மூடி தொலைஞ்சதுக்கு எத்தனை மணிக்குத் தொலைஞ்சிச்சுன்னு கேட்டவம்மா இவன்."

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அலமாரியைப் பார்த்தாள். பிறகு காலணியின் கயிற்றைக் கட்டக் குனிந்தாள்.

ஜாஃபர் எழுந்தான். எழுந்ததற்கே மூச்சு வாங்கியது. அலமாரியைப் பிடித்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றான்.

"சரிடா. கெடச்சா சொல்லு. கெடைக்கலன்னா வுடு, இன்னா பண்றது. போயிட்டு வரேன்மா."

கார் கிளம்பும் சத்தம் கேட்கும் வரை ஸ்டெல்லா காத்திருந்தாள்.

"அண்ணன்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

நான் சமோசா டப்பாவை மூடினேன்.

"நான் நுரையீரல் வார்டுலதாங்க வேலை பாக்கறேன். அவரு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியும். இன்னும் எத்தனை பேரு அங்க வரப் போறாங்கன்னும் தெரியும். நீங்க என்ன, பேரு வரலன்னு பாக்கறீங்களா?"

"ஆரம்பிச்சது நான்" என்றேன். என் குரல் எனக்கே சின்னப் பையனுடையது போலக் கேட்டது. "நூலகத்துல அந்த நோட்டீஸைப் பாத்தது நான். பதினோரு பக்கம் எழுதினது நான். ஜெனி கூட அவனைத்தான் கேக்கறா."

"ஜெனி கேக்கலன்னா நீங்க சொல்லலாமே. நீங்க என்னிக்கு வாயத் திறந்து ஒண்ணைச் சொல்லியிருக்கீங்க? எல்லாத்தையும் அந்த நோட்டுக்கிட்ட சொல்றீங்க." பையைத் தோளில் மாட்டினாள். "எட்டு மணிக்குள்ளன்னு எழுதியிருக்காங்க. மத்தியானம் நான் தூங்கி எழுந்தப்பவே பாத்தேன். உங்க மெயில் என் ஃபோன்லயும் வரும்ங்க, மறந்துட்டீங்களா?"

6.25-க்கு அவள் போனாள். ஜெனி மாடியிலிருந்து இறங்கி வந்து ஒரு சமோசாவை எடுத்துக்கொண்டு, ஃபிரிட்ஜ் கதவில் இருந்த படத்தின் முன் நின்றாள். மசோதா இருக்கும் கட்டத்தில் அவள் வைத்திருந்த காந்தம் 'இரண்டாவது அவை, குழு' என்பதில் இருந்தது.

"அப்பா, இது நாளைக்கு மூவ் ஆகுமா?"

"தெரியல."

"உனக்குத் தெரியாதா?" என்றாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். எனக்குத் தெரியாத ஒன்று இருக்கும் என்று அவள் அதுவரை நினைத்ததில்லை போலிருக்கிறது. எனக்கு அதைக் கேட்கக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்ததும், உடனே அவமானமாக இருந்ததும் உண்மை.

6

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் நான் 'பேச விரும்புகிறேன்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். கூப்பிட்டார்கள். 2024 பிப்ரவரி 24-ஆம் தேதிப் பக்கத்தை ஆங்கிலத்தில் வாசித்தேன். 'காலை 10.50. ஜாஃபர் மூன்றாம் இயந்திரத்தருகே விழுந்தான். ஊரிலிருந்து தம்பி ஃபோனில் இருந்தான். உலர் அறுப்பு. நீர் இயந்திரம் இன்னும் வரவில்லை.' நாற்பது நொடி ஆனது. வக்கீல் நோட்டை வாங்கிப் பார்த்தார். முன் பக்கங்கள், பின் பக்கங்கள், ஒவ்வொரு நாளின் வெப்பநிலை, எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, கேள்வி இல்லை என்றார். குழு வாக்கெடுத்தது. ஏழுக்கு இரண்டு. வெள்ளிக்கிழமை முழு மேலவை. சோதனை வருடம் ஒருமுறை என்றிருந்ததை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று திருத்தினார்கள். அதனால் மசோதா கீழவைக்குத் திரும்பிப் போய், அன்று மாலையே சம்மதம் வாங்கியது. ஜூனில் ஆளுநர் கையெழுத்திட்டார்.

கையெழுத்திட்ட பேனாவை இங்கே சம்பந்தப்பட்டவருக்கே கொடுத்துவிடுகிறார்கள். ஜாஃபருக்குக் கொடுத்தார்கள். அது அவன் வீட்டில் டி.வி.க்குப் பக்கத்தில், எஸ்டேட்டிலிருந்து கொண்டுவந்த பீங்கான் கிளிக்கு அருகில் நிற்கிறது. நான் போகும்போதெல்லாம் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். அன்று எடுத்த புகைப்படத்தில் என் இடது தோள் இருக்கிறது.

குழுவின் கூட்டக் குறிப்பையும் வாங்கிப் படித்தேன். ஜாஃபர் பற்றி அரைப் பக்கம். அதன் கீழே ஒரு வரி: 'தேதியை மற்றொரு சாட்சி உறுதிப்படுத்தினார்.' பெயர் இல்லை. உதவியாளருக்கு எழுதிச் சேர்க்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். மூன்று முறை வரைவு எழுதினேன். அனுப்பவில்லை.

ஜாஃபர் இப்போது சின்ன ஆக்ஸிஜன் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கிறான். சட்டம் வந்த நாளுக்கு முன்னால் உள்ளே போன தூசியை எந்தச் சட்டமும் வெளியே எடுப்பதில்லை. எங்கள் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த நான்கு பேரும் தண்ணீரில்தான் அறுக்கிறார்கள். கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால் தரை முழுக்க ஈரமாக இருக்கிறது. பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. குறைந்திருக்கிறது என்று எழுதலாம். அளந்து பார்க்க வழியில்லாததை எழுதுவதில்லை.

7

2025 மே 15, வியாழக்கிழமை. 5.10-க்கு எழுந்தேன். பின்வாசல் பக்கம் போகவில்லை. அலமாரியிலிருந்து 2024 நோட்டை எடுத்துக்கொண்டேன். கைலியோடு, பல் துலக்காமல், காரை எடுத்தேன். ஜாஃபர் வீடு பதினோரு நிமிடம்.

விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு எழுந்திருப்பான் என்று தெரியும். விளக்கு எரிந்தது. மணியை அழுத்தாமல் தட்டினேன். தொப்பியோடு வந்து திறந்தான். என் கைலியைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான்.

"கெடச்சிடுச்சா?"

"தொலையவே இல்லடா."

"தெரியும். டேப்பு ஒட்டிப் பெருசா எழுதி வெச்சிருக்கியே."

"அப்பறம் ஏன் கேக்கல?"

"கேட்டேனே. நீதான தேடணும்ன?" கதவை அகலத் திறந்தான். "சமோசா எப்படி இருந்திச்சு? உப்புக் கம்மின்னு வூட்ல சண்டை. உள்ள வாடா, குளுருது."

எனக்குக் குளிர் தெரியவில்லை. அவன் சமையலறை மேசையில் நோட்டை விரித்து, பிப்ரவரி 24-ஆம் பக்கத்தைப் படம் எடுத்து உதவியாளருக்கு அனுப்பினோம். அவன் டீ போடத் திரும்பியபோது நான் அவன் பேனாவை வாங்கி, கையோடு கொண்டுபோயிருந்த இந்த வருட நோட்டில் முந்தைய நாளின் பக்கத்தைத் திறந்து, எலுமிச்சைச் சாதத்துக்கும் மாலைக்கும் நடுவில் இருந்த சின்ன இடத்தில் எழுதினேன்: '2.10. மெயில் வந்தது. பதில் அனுப்பவில்லை.'

அடுத்த பக்கம் மே 15. அந்த நாளின் வெப்பநிலை என்னிடம் இல்லை. முதல் வரி இப்படி இருக்கிறது: '5.34. ஜாஃபர் வீடு.'